கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆதிமனிதர் குறும்படம்: அனுமதி, செலவு, காலம் பற்றிய வழிகாட்டி

குகை, தீ, கல்லாயுதம், வேட்டை. ஆதிமனிதரைப் பற்றிக் குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு நம் மாவட்டம் ஆசை காட்டும். முட்டத்துப் பாறைகள், தோவாளை மலைச்சரிவு, கீரிப்பாறைக் காடு, பேச்சிப்பாறை நீர்ப்பரப்பு எல்லாம் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கின்றன. நண்பர்களோடு சேர்ந்து அப்படியொரு படத்தை எடுத்து முடித்தோம். அலுவலகப் படிகளில் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். கேமராவைத் தூக்குவதற்கு முன்பே இந்தப் படத்தில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்தப் பாதியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

"ஆதிமனிதன்" என்று எழுதி வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். எந்தக் காலத்து மனிதர் என்பதை முடிவு செய்தால்தான் உடை, ஆயுதம், ஒப்பனை, செலவு எல்லாம் முடிவாகும்.

திரைப்படங்கள் நம் தலைக்குள் ஒரு கலவையை ஏற்றி வைத்திருக்கின்றன. 1966-இல் வந்த 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' படத்தில் மனிதரும் டைனோசரும் மோதுவார்கள். டைனோசர்கள் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் இனத்து மனிதருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எலும்புச் சான்றுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். பெண்ணை முடியைப் பிடித்து இழுத்துப் போகும் குகை மனிதனும், தடித்த கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பவனும் கேலிச்சித்திரத்தில் பிறந்தவர்கள். அவர்களை எடுக்காதீர்கள். பார்ப்பவர் சிரித்துவிட்டால் உங்கள் கதையில் வரும் சாவுக்கு யாரும் அழமாட்டார்கள்.

நான் பரிந்துரைப்பது நுண்கற்கருவிக் காலம், அதாவது சின்னஞ்சிறு கல்லாயுதங்களைப் பயன்படுத்திய காலம். பக்கத்திலேயே, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதித் தேரிக்காடுகளில் (செம்மணல் மேடுகளில்) வெங்கச்சாங்கல்லிலும் செர்ட் கல்லிலும் செய்த சிறிய கருவிகள் கிடைத்திருக்கின்றன. அந்த மனிதர்கள் உடலமைப்பில் நம்மைப் போன்றவர்கள். புருவ மேடு வேண்டாம், ரப்பர் முகமூடி வேண்டாம், குனிந்து தள்ளாடும் நடை வேண்டாம். ஒப்பனைச் செலவில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவிலேயே மிச்சமாகும். அதைவிட முக்கியம், திரையில் நிற்பவர் பார்ப்பவருக்குத் தன் பாட்டனாகவும் பாட்டியாகவும் தெரிவார்.

2. இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பாறை அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே படம் எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் இணைய சேவைத் தளத்தில் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டைப் பார்த்தால் அது பட்டா நிலமா, புறம்போக்கா என்று தெரியும். புரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். சர்வே எண் இல்லாமல் "மலையடிவாரத்தில் உள்ள பாறை" என்று எழுதிய மனு எந்த மேசையிலும் நகராது.

பட்டா நிலம் என்றால் வேலை எளிது. உரிமையாளரிடம் தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, தீ மூட்டுவோமா என்ற விவரம், தொகை எல்லாம் குறிப்பிட்டு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போடுங்கள். பட்டாவில் அண்ணன் தம்பிகள் சேர்ந்திருந்தால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட இடத்தில் காலை பத்து மணிக்கு மற்றவர் வந்து நின்றால் அன்றைய நாள் போயிற்று.

வருவாய்த்துறைப் புறம்போக்கு, கடற்கரை போன்றவற்றுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். நகல்களை வட்டாட்சியருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று கொடுக்கும் மனுவுக்குப் பதிவு எண் கிடைக்கும் என்றாலும் கூட்டம் அதிகம். பிரிவு அலுவலரிடம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் செவ்வாய், புதன் நல்லது.

காட்டு நிலம் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலர். இந்த மாவட்டத்துக் காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. கோப்பு சென்னைக்குப் போய் வர வேண்டும். மூன்று மாதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டமே ஒரு நிபந்தனை வைக்கிறது: வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. செடி வெட்டுவது, கல் புரட்டுவது, செயற்கைக் குகை கட்டுவது எல்லாம் அதில் அடங்கும்.

காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் சில தனியாருடையவை, சில அரசு ரப்பர் கழகத்துடையவை. இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பால் வெட்டுபவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்.

3. இந்த இடங்களைத் தவிருங்கள்

சிதறால் மலைக்கோயில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். இயற்கைக் குகை, மேலே ஒற்றைப் பாறை, சுற்றிலும் மலைக்காட்சி. ஆனால் அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். பாறை முகப்பில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அவை ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உங்கள் கதைக்கு அந்தச் சிற்பங்கள் ஆகாது. அவற்றை மறைக்கவோ தொடவோ உங்களுக்கு உரிமையும் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

மருந்துவாழ்மலைக் குகைகளும் வேண்டாம். அவை வழிபாட்டிடங்கள். மக்கள் தியானம் செய்யப் போகும் இடத்தில் அரைகுறை உடையோடு ஈட்டி பிடித்து நிற்பது அவர்களுடைய மனதைப் புண்படுத்தும்.

பேச்சிப்பாறை மலைப்பகுதியில் காணி என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. "இவர்களையே நடிக்க வைத்தால் ஒப்பனை தேவையில்லை" என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். காணி மக்கள் இந்த நூற்றாண்டில் வாழ்பவர்கள், வாக்களிப்பவர்கள், படித்தவர்கள். அவர்களைக் கற்கால மனிதராகக் காட்டுவது அவமதிப்பு. நடிகராக வர விரும்புபவர் வரட்டும். மற்றவருக்குக் கொடுக்கும் அதே ஊதியம், அதே ஒப்பந்தம், அதே பாத்திரத் தேர்வு அவருக்கும் இருக்க வேண்டும்.

4. சட்டகத்துக்குள் என்ன தெரிகிறது என்று பாருங்கள்

இந்த மாவட்டத்தில் படத்தைக் கெடுப்பது மரம். மலையடிவாரத்தில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ரப்பர் நிற்கும். அது பிரேசில் பக்கத்திலிருந்து வந்த மரம். மரவள்ளி, கொல்லாமரம், அன்னாசி, பப்பாளி, மிளகாய் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. காட்டோரத்தில் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடியும், தரிசில் நிற்கும் சீமைக் கருவேலமும் வந்தேறிகள்தான். கற்கால மனிதர் மரவள்ளித் தோட்டத்துக்குள் மான் தேடிப் போவதாக எடுத்தால், படம் பார்க்கும் நம் ஊர் விவசாயி முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆல், நாவல், மூங்கில், கடலோரம் என்றால் புன்னை, தாழை. இவை நிற்கும் இடமாகத் தேடுங்கள். தேடும்போது ஃபோனில் நான்கு திசையிலும் படம் எடுத்து, வீட்டில் பெரிய திரையில் பார்த்து ஒவ்வொரு செடிக்கும் பெயர் எழுதுங்கள். பெயர் தெரியாத செடியைத் தாவரவியல் ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்றாலைகள் கட்டாயம் எட்டிப் பார்க்கும். முட்டத்தில் கலங்கரை விளக்கம். இரவுக் காட்சியில் கடலுக்குள் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் வரிசையாகத் தெரியும்.

அதே கண்ணோடு நடிகரின் உடலையும் பாருங்கள். இடது தோளுக்குக் கீழே பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு, கைக்கடிகாரம் கட்டிய இடத்தில் வெளுத்த பட்டை, மோதிரத் தடம், நூலால் சீர்செய்த புருவம், காது குத்திய துளை, மணிக்கட்டில் கோயில் கயிறு. தழும்பின் மேல் காவி மண்ணும் எண்ணெயும் குழைத்துப் பூசினால் மறைந்துவிடும். புருவத்தை மறைக்க வழியில்லை. ஒப்பந்தம் போடும் நாளிலேயே புருவம் திருத்த வேண்டாம், முடி வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5. உடை, ஒப்பனை, ஆயுதம்

வன விலங்கின் தோல், கொம்பு, பல், நகம் எதையும் பயன்படுத்தாதீர்கள். "எங்கள் தாத்தா காலத்து மான்கொம்பு, சும்மா கிடக்கிறது, எடுத்துப் போங்கள்" என்று பாசமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கி வண்டியில் வைத்தாலே வழக்கு. ஆட்டுத்தோல் வாங்குங்கள், ரசீதைக் கையோடு வைத்திருங்கள். வனச்சோதனைச் சாவடியில் அந்த ரசீதுதான் பேசும்.

சணல் சாக்கு மலிவு என்று எல்லோரும் அதற்குத்தான் போகிறார்கள். தூரக் காட்சிக்குச் சரி. அண்மைக் காட்சியில் நெசவு துல்லியமாகத் தெரியும், தறி இல்லாத காலத்தில் தறித்துணி. ஆட்டுத்தோலைக் கடுக்காய்ச் சாயத்தில் ஊறவைத்து, கல்லில் தேய்த்து, ஓரத்தை ஒழுங்கில்லாமல் கிழித்துவிடுங்கள். இந்த வெப்பத்துக்கு உடம்பு முழுக்கத் தோல் போர்த்த வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்திருக்காது. இடுப்புக்கு மட்டும் போதும். பெண் நடிகர்களிடம் உடையை முன்கூட்டியே காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட அளவை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தழும்பு, காயம் செய்வதற்கு ரப்பர் பால் தேவைப்படும். தோட்டத்தில் வாளி வாளியாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்து முகத்தில் பூசிவிடாதீர்கள். உறையாமல் இருக்க அதில் அம்மோனியா கலக்கிறார்கள். கண்ணும் தோலும் எரியும். ஒப்பனைக்கென்று விற்கும் திரவ ரப்பரையே வாங்குங்கள். அதையும் முந்தைய நாள் முழங்கை உட்புறத்தில் ஒரு துளி வைத்து, சிவந்து தடிக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு ரப்பர் ஒவ்வாது.

ஆயுதத்துக்கு, வெங்கச்சாங்கல் சில்லைப் பார்த்து அச்சு எடுத்து ஜிப்சத்தில் வார்த்துச் சாயம் பூசுங்கள். உண்மையான கல்லை உடைக்கும் காட்சி வேண்டுமென்றால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த ஒருவரின் கைகளை மட்டும் எடுங்கள். கல் சில்லு கத்தியைவிடக் கூர்மை. பாறை ஓவியம் வேண்டுமா? பாறையில் தீட்டாதீர்கள், எந்தப் பாறையிலும். பலகையில் சாக்கை ஒட்டி அதன்மேல் பிளாஸ்டர் பூசி, காவி மண்ணால் வரைந்துகொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறை ஓவியங்கள் செங்காவியில் தீட்டியவை. அந்த நிறத்தைப் பார்த்துப் பழகுங்கள்.

6. தீ

தீ இல்லாமல் ஆதிமனிதர் படம் இல்லை. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டத்தின்படி குற்றம். அதனால் தீக் காட்சிகள் அனைத்தையும் பட்டா நிலத்துக்கு மாற்றுங்கள். கைவிட்ட கல்குவாரியின் ஓரம் நன்றாகப் பொருந்தும். ஆனால் குவாரிக் குட்டை ஆழமானது, செங்குத்தானது. அதன் பக்கம் போகாதபடி கயிறு கட்டிவிடுங்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்துமூலம் தகவல் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இருந்தால் இரவில் புகையைப் பார்த்து யாராவது அழைத்தாலும் கேள்வி அதோடு முடிந்துவிடும்.

இரண்டு கல்லை உரசினால் தீ பற்றும் காட்சியை எடுக்காதீர்கள். சாதாரணக் கற்கள் இரண்டு மோதினால் எழும் பொறியில் பஞ்சு பற்றாது. கல்லோடு இரும்புக் கந்தகக் கனிமம் மோதினால்தான் பற்றும் பொறி கிடைக்கும். தீக்கடைகோலைப் பயன்படுத்துங்கள். காய்ந்த கட்டையில் சிறு குழி, பக்கத்தில் வெட்டிய காடி, அதற்குள் நிற்கும் கோல், அதைச் சுழற்றும் உள்ளங்கைகள். முதலில் மரத்தூள் கறுக்கும், பிறகு மெல்லிய புகை, பிறகு காடியின் அடியில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு. அதைத் தூக்கி நார்க்கூட்டில் வைத்து ஊதுகிற நேரத்தில் முகத்தை எடுங்கள். 1981-இல் வெளிவந்த 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' படம் முழுக்க நெருப்பைத் தேடும் கதை. அணைந்த தீயைப் பார்க்கும் மனிதரின் பயத்தை அதில் கவனியுங்கள்.

அந்தப் படத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பேச்சு மொழியை ஆண்டனி பர்ஜெஸ் என்ற எழுத்தாளரும், உடல்மொழியை டெஸ்மண்ட் மோரிஸ் என்ற விலங்கியலாளரும் உருவாக்கினார்கள். உங்களுக்கு ஐம்பது சொல் போதும். தண்ணீர், தீ, வா, போ, குழந்தை, இறந்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலியும் ஒரு கையசைவும் வைத்து, ஒரு வாரம் பயிற்சி கொடுங்கள். வெறும் உறுமலோடு விட்டால் நடிகருக்கு நடிக்க எதுவும் இல்லாமல் போய்விடும்.

பந்தம் கொளுத்தும் முன் தலைக்கு மேலே பாருங்கள். பாறைப் புடவுகளின் நெற்றியில் மலைத்தேனீ அரைவட்டமாக அடை வைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஈரக்கறை போலத் தெரியும், உற்றுப் பார்த்தால் மேற்பரப்பு அலையலையாக அசையும். அதன் கீழே புகை போட்டால் ஓடுவதற்கு நேரம் இருக்காது. எங்கள் நிலத்துக்காரர் அதைக் காட்டி, "மக்களே, தீய அந்தப் பக்கம் கொண்டுபோயிருங்க" என்று சொன்னார். படப்பிடிப்பையே அடுத்த பாறைக்கு மாற்றிவிட்டோம்.

7. குழந்தைகள், விலங்குகள்

கூட்டம் என்றால் குழந்தை வேண்டும். ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தை நடிகருக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்புத்தொகையாகச் சேர வேண்டும். பெற்றோரின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளியின் கடிதம் மூன்றையும் படிவத்தோடு இணையுங்கள். கோடை விடுமுறையில் எடுத்தால் பள்ளிச் சிக்கல் இல்லை, வெயில் சிக்கல் உண்டு.

விலங்கு என்றால் நாய் உட்பட எதற்கும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. அலுவலகம் ஹரியாணாவில் இருக்கிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பயன்படுத்தத் தடை. விலங்கு இல்லாமலே எழுதுங்கள். புதர் அசைவதும், காலடித் தடமும், நடிகரின் கண்ணும் போதும்.

8. காலம்

தை பிறந்த பிறகு மாசி முடியும் வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை எடுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் காற்று ஒலிப்பதிவை விழுங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வருகையால் கன்னியாகுமரியில் அறை கிடைப்பது அரிது. மாசியில் மண்டைக்காடு கொடை நாட்களில் குளச்சல் சாலையில் வேன் நகராது. அந்தத் தேதியைப் பார்த்து விலகிக்கொள்ளுங்கள்.

வெறுங்காலோடு பாறையில் நடக்கும் காட்சிகளைக் காலை பத்துக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் வையுங்கள். நடுப்பகலில் பாறை கொப்புளம் கிளப்பும்.

கடலோரக் காட்சிக்கு முன்னால் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே வரும் பேரலை அது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை இருந்தால் படப்பிடிப்பை ரத்து செய்யுங்கள். முன்பணம் போனாலும் போகட்டும்.

9. செலவும் கோப்பும்

எங்கள் கணக்கில் கேமரா வாடகையைவிட வண்டி, சாப்பாடு, காத்திருப்பு மூன்றும் அதிகம் தின்றன. பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், குடிநீர் என்று தலைக்கு 350 முதல் 400 ரூபாய் வரை ஒதுக்குங்கள். அனுமதிக் கட்டணம் வேறு, திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை வேறு. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் முடிவில் கணக்கு இடிக்கும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை மழைக்கும் ஒத்திவைப்புக்கும் தொடாமல் வையுங்கள். குழுவுக்கு விபத்துக் காப்பீடு எடுங்கள். பாம்புக்கடி, தேனீக்கடி என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியை ஓட்டுநர் முன்பே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே கோப்பில் இவை எல்லாம் இருக்கட்டும்: ஒரு பக்கக் கதைச் சுருக்கம் தமிழில், இடத்தின் வரைபடமும் சர்வே எண்ணும், அனுமதிக் கடிதங்கள், சலான்கள், குழுவினரின் ஆதார் நகல், வண்டிகளின் பதிவுச் சான்று, தோல் வாங்கிய ரசீது, காவல் நிலைய முத்திரை உள்ள நகல். கதைச் சுருக்கத்தில் "வேட்டை" என்று மட்டும் எழுதினால் வனத்துறையில் ஐயம் எழும். "நடிகர்கள் போலி ஈட்டியுடன், விலங்கு ஏதும் இன்றி" என்று விளக்கிவிடுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்று பார்த்து, அனுமதி மனுவிலும் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். சரணாலயத்தில் சொல்லாமல் பறக்கவிட்டால் கருவியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

10. முடித்த பிறகு

திரையரங்கில் காட்டுவதென்றால் தணிக்கைச் சான்றிதழ் தேவை. விண்ணப்பம் இணையத்தில்தான். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. உடையும் ரத்தமும் எந்தப் பிரிவில் கொண்டுபோய் வைக்கும் என்பதைப் படத்தொகுப்பின்போதே யோசியுங்கள்.

கடைசி நாள் மாலை, இருட்டும் முன் இடத்தைச் சுத்தம் செய்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி, முதல் நாள் எடுத்த அதே கோணத்தில் படம் எடுங்கள். இரண்டு படங்களையும் இணைத்து ஒரு வாரத்துக்குள் கடிதம் கொடுத்தால் காப்புத்தொகை திரும்ப வரும். கடிதத்தில் வங்கிக் கணக்கு எண்ணும், ரத்து செய்த காசோலை ஒன்றும், பணம் கட்டிய சலானின் நகலும் சேர்த்து வையுங்கள். சலானில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய கணக்குக்குத்தான் பணம் வரும்.